மறைந்திருக்கும் தொட்டியும் மறவாத கடமையும்

நுழையும்முன்

வீட்டின் வாசல் நாள்தோறும் நீர் தெளித்துக் கோலமிடப்படுகிறது. சுவர்கள் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கப்படுகின்றன. அதே வீட்டின் அடியில் புதைந்திருக்கும் கழிவுநீர்த் தொட்டியோ, கட்டிய நாளில் மூடப்பட்டு, இடர் நேரும் நாளில்தான் நினைக்கப்படுகிறது. அந்த மறதியின் விலையை வீட்டார் மட்டும் கொடுப்பதில்லை. கழிவுநீர்த் தொட்டி இயங்கும் முறையையும், அதனைக் காலந்தோறும் ஆய்வு செய்வதன் இன்றியமையாமையையும் இப்பாடம் விளக்குகிறது.

இலண்டன் தந்த பாடம்

1854ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதி நாள். இலண்டன் மாநகரின் சோகோ பகுதியில் காலரா நோய் திடீரெனப் பரவத் தொடங்கியது. பிராடு தெருவையும் அதனைச் சுற்றியிருந்த தெருக்களையும் சேர்ந்த அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் சில வாரங்களில் மாண்டனர். கெட்ட காற்றே காலராவுக்குக் காரணம் என்று அக்கால மருத்துவர் பலர் நம்பினர். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவரோ, இறந்தோர் வாழ்ந்த வீடுகளையும் அவர்கள் பருகிய நீரையும் பற்றிக் கேட்டறிந்தார். அவர்களுள் பெரும்பாலோர் பிராடு தெருவில் இருந்த ஓர் அடிகுழாயின் நீரைப் பருகியவர்கள் என்பது தெரியவந்தது. அவருடைய வேண்டுகோளின்படி, செப்டம்பர் 8ஆம் நாள் அந்த அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

எனினும், அடிகுழாய்க்கு நீர் தந்த கிணற்றில் நோய் எவ்வாறு கலந்தது என்னும் வினாவுக்கு உடனே விடை கிடைக்கவில்லை. அப்பகுதித் தேவாலயத்தில் பணியாற்றிய ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் இளம் குருவானவர் வீடு வீடாகச் சென்று உசாவினார். நோய் பரவுவதற்குச் சற்று முன்னர், கிணற்றை ஒட்டியிருந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை நோயுற்றதையும், அக்குழந்தையின் துணிகளை அலசிய நீர் அவ்வீட்டின் கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதையும் அவர் கண்டறிந்தார். 1855ஆம் ஆண்டு அக்குழி தோண்டிப் பார்க்கப்பட்டது. குழிச்சுவரின் செங்கற்கள் சிதைந்திருந்தன. குழிக்கும் கிணற்றுக்கும் இடைப்பட்ட மண் கழிவில் ஊறிக் கிடந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த தொலைவு ஒரு மீட்டருக்கும் குறைவு.

அந்தக் குழியை முன்னரே ஒருவர் திறந்து பார்த்திருந்தால், சிதைந்த செங்கல் அவர் கண்ணில் பட்டிருக்கும். இறப்புகளுக்கு முன்பு நடந்திருக்க வேண்டிய ஆய்வு, இறப்புகளுக்குப் பின்பு நடந்தது. ஏறத்தாழ 170 ஆண்டுகள் கடந்த பின்னரும் இப்பாடம் பழையதாகிவிடவில்லை.

தமிழ்நாட்டில் புதைசாக்கடை வசதி எல்லா ஊர்களுக்கும் இன்னும் சென்றடையவில்லை. சிற்றூர்களிலும், பேரூராட்சிகளிலும், நகரங்களின் விரிவாக்கப் பகுதிகளிலும் உள்ள வீடுகள் தம் கழிவைத் தம் நிலத்திலேயே தேக்கி வைக்கின்றன. இவ்வாறு நோக்கினால், கழிவுநீர்த் தொட்டி உள்ள ஒவ்வொரு வீடும் ஒரு சிறு சுத்திகரிப்பு நிலையமே ஆகும். அந்நிலையத்தின் பொறுப்பாளர் அவ்வீட்டின் உரிமையாளர். தாம் அப்பொறுப்பில் இருப்பதைப் பலர் அறியாமலிருப்பதே சிக்கலின் தொடக்கம்.

பெயரும் பிறப்பும்

பேச்சு வழக்கில் 'செப்டிக் டேங்க்' என்று வழங்கப்படும் இத்தொட்டி பிரான்சு நாட்டில் தோன்றியது. ஜான் லூயி மூரா என்பவர் 1860ஆம் ஆண்டையொட்டித் தம் வீட்டுக் கழிவுக்கென ஒரு மூடிய தொட்டியை அமைத்தார். சில ஆண்டுகள் கழித்து அதனைத் திறந்து பார்த்தபோது, எதிர்பார்த்த அளவுக்குத் திடக்கழிவு அதில் தங்கியிருக்கவில்லை. கழிவின் பெரும்பகுதி நீராகக் கரைந்திருந்தது. 1881ஆம் ஆண்டு அவர் அவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர், இங்கிலாந்தின் எக்சிடர் நகரில் பணியாற்றிய டொனால்டு கேமரன் என்னும் பொறியாளர் 1890களில் இவ்வமைப்பை மேம்படுத்தி, அதற்குச் 'செப்டிக் டேங்க்' என்று பெயரிட்டார். 'செப்டிக்' என்பது அழுகச் செய்தல் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அழுகுதலையே ஆக்கப் பணியாக மாற்றிய தொட்டி என்பது இப்பெயரின் கருத்து.

தொட்டிக்குள் நிகழ்வது

முறையாகக் கட்டப்பட்ட கழிவுநீர்த் தொட்டி, நீர் கசியாத நீள்சதுர வடிவப் பெட்டி போன்றது. அதன் நீளம் அகலத்தைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை இருக்க வேண்டும் என்றும், அகலம் 75 சென்டிமீட்டருக்கும், நீரின் ஆழம் 1 மீட்டருக்கும், கொள்ளளவு 1,000 லிட்டருக்கும் குறையக் கூடாது என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. பெரிய தொட்டிகள் இடைச்சுவர் ஒன்றினால் இரண்டு அறைகளாகப் பிரிக்கப்படுகின்றன.

கழிப்பறையிலிருந்து வரும் கழிவு இத்தொட்டியில் ஏறத்தாழ ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை தங்குகிறது. அந்த அமைதியான தேக்கத்தில் அது மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. கனமான பொருள்கள் அடியில் கசடாகப் படிகின்றன. எண்ணெயும் கொழுப்பும் நுரையும் மேலே மிதவைப் படலமாகத் திரள்கின்றன. இரண்டுக்கும் இடையில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கிறது. உயிர்வளி இல்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் அடிக்கசடைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன.

உள்வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற இணைப்புகள் பொருத்தப்படுகின்றன. உள்வரும் கழிவு தேங்கிய நீரைக் கலக்கிவிடாமல் முதலாவது இணைப்பு தடுக்கிறது. மேற்படலமும் அடிக்கசடும் வெளியேறாமல், நடுவிலுள்ள நீர் மட்டும் செல்லுமாறு இரண்டாவது இணைப்பு காக்கிறது. விலை குறைந்த இச்சிறு இணைப்பு உடைந்தால், தொட்டி முழுவதும் நன்றாக இருந்தும் பயனில்லை.

வெளியேறும் நீர் தெளிவாகத் தோன்றினாலும் தூயதன்று. நோய்க்கிருமிகளும் கரைந்த மாசுகளும் அதில் இருக்கின்றன. எனவே, அந்நீர் உறிஞ்சுகுழியை அடைந்து, கூழாங்கல்லையும் மண்ணையும் ஊடுருவிச் செல்லும்போதுதான் எஞ்சிய தூய்மை நிகழ்கிறது. உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தொலைவில் அமைய வேண்டும் என்று தர நிர்ணய விதி கூறுவதன் காரணம் இதுவே. தொட்டி பிரிக்கிறது, மண் தூய்மை செய்கிறது. இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் கழிவு மனிதரிடமே திரும்பி வருகிறது.

நிறையாத தொட்டி நல்ல தொட்டியா?

"பத்து ஆண்டுகளாகத் திறக்கவே இல்லை, இன்னும் நிறையவில்லை" என்று பெருமையுடன் கூறும் வீட்டார் உண்டு. அப்பெருமைக்குப் பின்னால் இரண்டு மயக்கங்கள் மறைந்துள்ளன.

முதலாவது, கழிவுநீர்த் தொட்டி ஒருநாள் நிறையும், அன்று காலி செய்தால் போதும் என்னும் எண்ணம். நன்கு கட்டப்பட்ட தொட்டியில், பயன்பாட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே வெளியேறும் குழாயின் மட்டம் வரை நீர் நின்றுவிடும். அதன்பின் உள்ளே எவ்வளவு நீர் வருகிறதோ அவ்வளவு நீர் வெளியேறும். ஆகவே, தொட்டி நிறைந்துவிட்டதா என்பது தவறான வினா. கசடு எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதே சரியான வினா. கசடு உயர உயர, நீர் தங்குவதற்கான இடம் சுருங்குகிறது. இரண்டு நாள் தங்க வேண்டிய கழிவு சில மணி நேரத்தில் வெளியேறுகிறது. பிரியாத கழிவு உறிஞ்சுகுழியை அடைந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. தொட்டியைச் சுத்தம் செய்வது எளிது. அடைபட்ட மண்ணைச் சுத்தம் செய்ய இயலாது. புதிய உறிஞ்சுகுழியே தோண்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, தொட்டி என்று அழைக்கப்படுவனவெல்லாம் தொட்டிகளே என்னும் எண்ணம். சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடித்தளம் போடாமல் விடப்பட்ட குழிகள் பல ஊர்களில் உள்ளன. அவை நிறையாமலிருப்பதற்குக் காரணம் அவற்றின் சிறப்பன்று. கழிவு முழுவதும் நிலத்தடியில் இறங்கிக்கொண்டிருப்பதுதான். அந்நீர் அருகிலுள்ள கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ அடையும்போது, வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை போன்ற நோய்கள் பரவ வழி ஏற்படுகிறது. கழிவிலிருந்து பிறக்கும் நைட்ரேட் குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமைக் கடக்கக் கூடாது. இவ்வரம்பு மீறப்படும்போது, கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியை ஏந்திச் செல்லும் ஆற்றல் குறைந்து, உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம். நிறையாத குழி, பிராடு தெருக் குழியின் உடன்பிறப்பு.

வெளியிலிருந்து செய்யும் ஆய்வு

தொட்டியின் ஆய்வு இரு நிலைகளை உடையது. முதல்நிலை ஆய்வுக்கு மூடியைத் திறக்க வேண்டுவதில்லை. மாதம் ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்து, கண்ணாலும் காதாலும் மூக்காலும் அறிந்துகொள்ளத்தக்கவை பல.

கழிப்பறையில் ஊற்றிய நீர் மெல்ல இறங்குகிறதா? குழாய்களில் களகளவென்று ஓசை எழுகிறதா? உறிஞ்சுகுழியின் மேற்பரப்பு கோடையிலும் ஈரமாக உள்ளதா? அவ்விடத்தில் மட்டும் புல் செழித்து வளர்ந்துள்ளதா? மூடியில் விரிசல் உள்ளதா? மூடியின் விளிம்புகள் காற்றுப் புகாதபடி பூசப்பட்டுள்ளனவா? கிணற்று நீரின் நிறமோ மணமோ மாறியுள்ளதா? இவ்வினாக்களுள் ஒன்றுக்கேனும் சாதகமற்ற விடை கிடைத்தால், அடுத்த நிலை ஆய்வுக்குக் காத்திருக்கக் கூடாது.

காற்றுப்போக்கிக் குழாயின் உச்சியில் கட்டப்பட்ட கொசுவலையும் பார்க்கப்பட வேண்டும். வெயிலிலும் மழையிலும் அவ்வலை நைந்து கிழிவது இயல்பு. யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் வகைக் கொசு, மாசடைந்த நீரில் முட்டையிடுவது. விரிசல் விட்ட மூடியும் கிழிந்த வலையும் அதற்குத் திறந்த வாயில்களாகின்றன. ஒரு கையகல வலையை மாற்றுவதால் ஒரு தெருவே பயன்பெறும்.

இவ்வாய்வுக்கு ஏற்ற காலமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுப்பெறும்போது நிலத்தடி நீர்மட்டம் உயர்கிறது. ஈரம் தோய்ந்த மண் தொட்டியிலிருந்து வரும் நீரை ஏற்பதில்லை. ஆடி, ஆவணித் திங்களிலேயே தொட்டியைப் பார்த்துச் சீர்செய்தால், மழைக்காலத்தில் கழிவு பின்னோக்கி வீட்டுக்குள் ஏறும் இடரைப் பெரிதும் தவிர்க்கலாம்.

திறந்து பார்க்கும் ஆய்வு

இரண்டாம்நிலை ஆய்வு ஆண்டுக்கு ஒருமுறை செய்யத்தக்கது. இதனைப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். மூடியைத் திறந்தவுடன் குனிந்து பார்த்தல், அருகில் நெருப்புப் பற்றவைத்தல், குழந்தைகளை அருகில் விடுதல், தனியாக நின்று பணிசெய்தல் ஆகியவை கூடா. தொட்டிக்குள் இறங்குவது எந்நிலையிலும் கூடாது. ஆய்வு முழுவதும் மேலிருந்தே நிகழ வேண்டும்.

கசடின் உயரத்தை அறிய எளிய முறை ஒன்று உண்டு. நீண்ட கோல் ஒன்றின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, அது தொட்டியின் தரையைத் தொடும்வரை மெல்ல இறக்குவர். சில நிமிடங்கள் கழித்து அதனை மேலே எடுத்தால், கசடு படிந்திருந்த உயரம் வரை துணியில் கருமை ஏறியிருக்கும். மேற்படலத்தின் பருமனும் இவ்வாறே கோல் கொண்டு அளக்கப்படும். கசடும் படலமும் சேர்ந்து நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியிருந்தால், அவற்றை அகற்றும் காலம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம். அதே வேளையில் 'டி' இணைப்புகள், இடைச்சுவர், பக்கச் சுவரின் பூச்சு ஆகியவற்றின் நிலையும் குறித்துக்கொள்ளப்படும். பணி முடிந்ததும் மூடி இடைவெளியின்றிப் பொருத்தப்பட வேண்டும்.

பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு அகற்றப்பட வேண்டும் என்பது பரிந்துரை. எனினும், இருவர் வாழும் வீட்டுக்கும் பத்துப் பேர் வாழும் வீட்டுக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. அந்தந்த வீட்டுக்குரிய காலத்தை அளவீடுதான் காட்டும்.

தெரிந்து தெளிவோம்

ஒரு தொட்டியில் நீரின் ஆழம் 150 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கு 50 சென்டிமீட்டர். முதல் ஆண்டு அளவீட்டில் கசடு 22, படலம் 4. மொத்தம் 26 சென்டிமீட்டர். அடுத்த ஆண்டு கசடு 33, படலம் 5. மொத்தம் 38 சென்டிமீட்டர். ஆண்டுக்கு 12 சென்டிமீட்டர் வீதம் உயர்கிறது என்பதால், மூன்றாம் ஆண்டு அளவீட்டின்போது வரம்பாகிய 50 சென்டிமீட்டரை அது எட்டிவிடும். இரண்டே அளவீடுகள் வரும் ஆண்டின் தேவையை முன்னறிவித்துவிடுகின்றன. அளக்காத வீட்டுக்கு இதனை அறிவிப்பது கழிப்பறையில் பொங்கி வரும் நீர்தான்.

மூக்கை ஏமாற்றும் காற்று

கழிவு சிதையும்போது தொட்டிக்குள் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வளிகள் உண்டாகின்றன. இவற்றுள் மீத்தேன் தீப்பற்றக்கூடியது. ஹைட்ரஜன் சல்பைடோ கொடிய நஞ்சு. அது காற்றைவிடக் கனமானதாகையால் தொட்டியின் உள்ளேயே தேங்கி நிற்கும். மிகச் சிறிய அளவில் இருக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றத்தால் அது தன்னைக் காட்டிக்கொள்ளும். பத்து இலட்சம் பங்கு காற்றில் 100 பங்கு என்னும் அளவை எட்டும்போது, மூக்கு அதனை உணரும் ஆற்றலை இழந்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று கருதும் அந்த நொடியே பேரிடர் மிக்கது. 700 பங்கைக் கடந்த செறிவில், ஓரிரு மூச்சிலேயே மனிதர் நினைவிழந்து விழக்கூடும்.

விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது அணையாதிருந்தால் இறங்கலாம் என்று கருதும் பழைய வழக்கம் கழிவுநீர்த் தொட்டிக்குப் பொருந்தாது. மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிப்புக்குக் காரணமாகும். ஹைட்ரஜன் சல்பைடு உயிரைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு அணையாமலிருக்கலாம். மேலும், அடிக்கசடைக் கிளறும்போது அதில் சிறைப்பட்டிருந்த நஞ்சு திடீரென மேலெழும்பும். இறங்கும்போது இல்லாத இடர் பணியின் நடுவே பிறக்கும். உள்ளே விழுந்தவரைக் காக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் அடுத்தடுத்து மாண்டுபோன கொடுமைகள் தமிழ்நாட்டிலும் நிகழ்ந்துள்ளன.

மனிதரைத் தொட்டிக்குள் இறக்கும் நிலை எவ்வாறு உருவாகிறது? உரிய காலத்தில் அகற்றப்படும் கசடு குழம்புபோல் இளகியிருக்கும். கழிவுநீர் ஊர்தியின் உறிஞ்சுகுழாய் மேலிருந்தபடியே அதனை எடுத்துவிடும். பத்து, பதினைந்து ஆண்டுகள் தீண்டப்படாமல் கிடந்த கசடு அடியில் இறுகிவிடும். கழிப்பறையில் போடப்பட்ட துணிகளும் நெகிழித் தாள்களும் அணையாடைகளும் அதனோடு பின்னிக் கிடக்கும். குழாயால் அதனை இழுக்க இயலாது. மூடியின்மேல் பளிங்குக்கல் பதித்து வண்டி நிறுத்துமிடமாக்கிய வீடுகளில், குழாயை நுழைக்கவே போதிய வழி இருக்காது. அப்போதுதான், "உள்ளே இறங்கிக் கிளறிவிட ஓர் ஆள் கிடைப்பாரா?" என்னும் பேச்சு எழுகிறது. அந்த ஆள் பெரும்பாலும் வறுமையாலும் சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட இழிவாலும் மறுக்க வழியற்றவராக இருக்கிறார். ஆண்டுதோறும் செய்யப்படாத ஆய்வு, ஒருநாள் ஓர் உயிரைக் கேட்கிறது.

சட்டம் இதனைத் தெளிவாகத் தடுத்துள்ளது. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் பணியில் ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், கழிவுநீர்த் தொட்டியையும் புதைசாக்கடையையும் பாதுகாப்பின்றி இடர் தரும் முறையில் தூய்மை செய்யப் பணிப்பதைக் குற்றமாக்கியது. முதன்முறை குற்றத்துக்கு 2 ஆண்டுகள் வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இத்தடை உள்ளாட்சி அமைப்புகளுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் மட்டுமின்றித் தனி வீட்டு உரிமையாளருக்கும் உரியது. இத்தகைய பணியில் இறந்தோரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என 2014ஆம் ஆண்டு ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023ஆம் ஆண்டு அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. எத்தொகையும் இறந்தவரை மீட்டுத் தருவதில்லை. இறப்பு நேராமல் காப்பதே சட்டத்தின் நோக்கம். அந்நோக்கம் வீட்டு முற்றத்தில்தான் நிறைவேற வேண்டும்.

கசடு செல்லும் இடம்

தொட்டியிலிருந்து கசடு அகற்றப்பட்டவுடன் வீட்டாரின் கடமை முடிந்துவிடுவதில்லை. ஊர்தி அதனை எங்குக் கொண்டுசெல்கிறது என்பதும் கேட்கப்பட வேண்டிய வினா. ஏரிக்கரையிலோ, ஓடையிலோ, நெடுஞ்சாலை ஓரத்திலோ கொட்டப்படும் கசடு, ஒரு வீட்டின் சிக்கலை ஓர் ஊரின் சிக்கலாக மாற்றுகிறது. இதனைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2014ஆம் ஆண்டு கசடுக் கழிவு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழிப் பேரூராட்சியில் மலக்கசடுக்கெனவே தனிச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களில் கசடு படுகைகளில் பரப்பி உலர்த்தப்படுகிறது. பிரிந்த நீர் தனியே தூய்மை செய்யப்படுகிறது. நன்கு பக்குவப்படுத்தப்பட்ட கசடு மண்ணுக்கு உரமாகவும் பயன்படுகிறது.

உரிமம் பெற்ற ஊர்தியை அழைப்பதும், கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்வதை உறுதி செய்வதும் வீட்டாரின் பொறுப்பே. 14420 என்னும் உதவி எண் இதற்கெனவே ஏற்படுத்தப்பட்டுள்ளது.

பழக்கமே பாதுகாப்பு

புதிதாக வீடு கட்டும்போதே சில செய்திகளை நினைவில் கொண்டால் பின்னாளைய ஆய்வு எளிதாகும். தொட்டியை ஊர்தியின் குழாய் எட்டும் இடத்தில் அமைத்தல், ஒவ்வோர் அறைக்கும் தனித் திறப்பு வைத்தல், திறப்பின்மேல் கல் பதிக்காதிருத்தல், தொட்டி இருக்கும் இடத்தையும் அளவுகளையும் வீட்டு வரைபடத்தில் குறித்தல் ஆகியவை அவை. அமிலங்களையும் வெளுப்புப் பொடியையும் மிகுதியாக ஊற்றினால் கசடைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் அழியும். சமையல் எண்ணெய் மேற்படலத்தைப் பெருக்கும். கடைகளில் விற்கப்படும் எந்தப் பொடியும் கசடு அகற்றுதலுக்கு மாற்றாகாது.

இவற்றுக்கெல்லாம் மேலாகத் தேவைப்படுவது ஒரு குறிப்பேடு. தொட்டி கட்டப்பட்ட நாள், அதன் அளவு, ஒவ்வோர் ஆண்டும் அளந்த கசடின் உயரம், கசடு அகற்றப்பட்ட நாள், கண்ட பழுது, செய்த சீர்திருத்தம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். மின்கட்டண அட்டையும் எரிவாயுப் புத்தகமும் இருக்கும் இழுப்பறையில் அதற்கும் ஓர் இடம் உண்டு. பெரியவர் ஒருவரின் நினைவில் மட்டும் இருந்த செய்தி, அவருக்குப்பின் அழிந்துபோகலாம். எழுதி வைத்த செய்தி, வீடு கைமாறினாலும் பயன்படும்.

கண்முன் இருப்பதைப் பேணுவது எளிது. கண்ணுக்கு மறைந்திருப்பதைப் பேணுவதற்கு அறிவும் பொறுப்புணர்வும் வேண்டும். ஒரு வீட்டின் தூய்மையை அதன் வாசல் மட்டும் காட்டிவிடாது. அண்டை வீட்டுக் கிணற்று நீர் கெடாமலிருப்பதும், தொட்டியைத் தூய்மை செய்ய வந்தவர் மாலையில் நலமாகத் தம் வீடு திரும்புவதும் அத்தூய்மையின் அளவுகோல்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மூடியைத் திறந்து, ஒரு கோலால் அளந்து, ஒரு வரி எழுதி வைக்கும் சிறு பழக்கம் இவ்விரண்டையும் காக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி எப்போது கட்டப்பட்டது, கடைசியாக எப்போது கசடு அகற்றப்பட்டது என்பனவற்றைப் பெரியோரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுக. (தொட்டியின் மூடியைத் திறத்தல் கூடாது.)

2. மூடியைத் திறக்காமல் செய்யத்தக்க ஆய்வுகளை அட்டவணைப்படுத்தி, வீட்டில் ஒட்டி வைக்கத்தக்க சுவரொட்டி ஒன்றை உருவாக்குக.

3. 'ஆண்டுதோறும் செய்யப்படாத ஆய்வு, ஒருநாள் ஓர் உயிரைக் கேட்கிறது' – இக்கூற்றைப் பற்றி வகுப்பில் கலந்துரையாடுக.